மாடி வாடகையும் மாவட்டக் கணக்கும்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஓய்வுபெறப் போகிற ஆசிரியர் யாரிடம் பேசினாலும் பேச்சு எங்கோ சுற்றி மனைக்கு வந்துவிடும். "ரெண்டு போர்ஷன் கட்டி விட்டுட்டா மாசாமாசம் வந்துரும் சார்" என்பார்கள். 1.4.2003 முதல் அரசு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானதிலிருந்து இந்தப் பேச்சுக்கு அழுத்தம் கூடிவிட்டது. வளைகுடாவில் வியர்வை சிந்தும் பிள்ளைகளின் பணமும் இதே வழியில்தான் செங்கல்லாகிறது. மாதச் சம்பளம் நின்ற பிறகு யாரிடமும் கை நீட்டாமல் வாழ வேண்டும் என்ற ஆசை அது. ஆசையில் குறை இல்லை. கணக்கைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

மனையும் கட்டுமானமும் சேர்ந்து 30 லட்சம் ஆகிறது, வாடகை மாதம் 8,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 96,000. நடுவில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், வீட்டு வரி உண்டு, மோட்டார் பழுதாகும், குடி மாறும்போதெல்லாம் வெள்ளையடிக்க வேண்டும். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரம் என்றால் அந்தப் புழுதிக்குப் பெயின்ட் செலவு தனி. (கல் நம் ஊரில் தோண்டப்படுகிறதே என்று சிமென்ட் மூட்டையை யாரும் நமக்குச் சல்லிசாகத் தருவதில்லை.) எல்லாம் போக 70,000 நின்றால் அதிர்ஷ்டம். போட்ட பணத்துக்கு இரண்டேகால் சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வட்டி. அந்த 30 லட்சத்தில் 20 லட்சத்தை 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கியிருந்தால் மாதத் தவணையே சுமார் 18,000. வாடகை அதில் பாதிக்குக்கூட வராது. மீதியைக் கட்டுவது உங்கள் சம்பளம்தான்.

"மனை விலை ஏறுமே" என்பார்கள். ஏறும். ஆனால் அந்த ஏற்றம் விற்றால்தான் கைக்கு வரும். நம் ஊர்களில் கட்டிய வீட்டை விற்பவரைப் பார்த்தால் "என்ன கஷ்டமோ" என்று தெருவே பேசுமே, யார் விற்கிறார்கள்?

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இன்னொரு விஷயம். சிறிய மாவட்டத் தலைநகரில் வாடகை நிற்பது ஊரின் மீது அல்ல, எங்கோ யாரோ எடுக்கும் ஒரு முடிவின் மீது. அரியலூரையே பாருங்கள். 2001 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31 அன்று மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. திரும்பத் தனி மாவட்டமாக 2007 நவம்பர் 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்சியர் அலுவலக ஊழியர்களை நம்பிக் கடன் வாங்கி மாடி எடுத்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். கடனுக்கு 15, 20 வருடம். மாவட்டத்துக்கு 15 மாதம்.

இன்று நம்பிக்கைகள் வேறு. அரியலூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூர் சிப்காட்டில் காலணிப் பூங்கா வந்தது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்லதுதான். ஆனால் இதே ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கென்று 1990-களில் நிலம் எடுத்து, சுரங்கமும் வராமல் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்ததும் நடந்தது. கல்லூரி வந்தாலும், நிர்வாகம் ஒரு விடுதி கட்டிவிட்டால் சுற்றியுள்ள அறைகள் காலி.

காலியாகக் கிடப்பதற்கு வீட்டுக்காரர்களே தேடிக்கொள்ளும் காரணமும் ஒன்று உண்டு. "நீங்க யாரு, எந்தப் பக்கம், கவுச்சி சமைப்பீங்களா" என்று ஆரம்பித்து, சாதி, மதம், கல்யாணமாகாத பையன், தனியாக இருக்கும் பெண், வடநாட்டுத் தொழிலாளி என்று ஒவ்வொருவராகத் தள்ளிவிட்டு, பிறகு "வீடு போகவே மாட்டேங்குது" என்று புலம்புகிறார்கள். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் 24,000 போச்சு. அறம் கிடக்கட்டும், காசுக்கும் இது கட்டுப்படியாகாது.

அடைமானம், சிட்டா, பத்திரம் என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் வாய்வார்த்தையில் விடுகிறார்கள். 2017-இன் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. தகராறு வரும்போது இரு தரப்புக்கும் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.

அப்படியானால் கட்டவே கூடாதா? கட்டலாம். குடியிருக்கும் வீட்டின் மேல், கடன் இல்லாமல், 12 லட்சத்தில் ஒரு தளம் எடுத்து 6,000 வாடகைக்கு விட்டால் செலவுக்கு முன் ஆறு சதவீதம் நிற்கும். மனை ஏற்கெனவே நம்முடையது. வங்கி வட்டி ஏறாவிட்டாலும் வாடகை விலைவாசியோடு மெல்ல ஏறும். வருமான வரிக் கணக்கிலும் வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. கடன் வாங்கிப் புது மனையில் வாடகைக்கென்றே கட்டுவது மட்டும் இந்த இரண்டு ஊர்களில் ஓய்வூதியம் ஆகாது.

இதையும் மீறிக் கட்டுவதென்றால், கல்லூரி விடுமுறை விட்ட மே மாதத்தில் ஒரு நாள் நீங்கள் மனை பார்த்த தெருவில் நடந்து, எத்தனை வாசலில் 'டு-லெட்' பலகை தொங்குகிறது என்று எண்ணிவிட்டு முன்பணம் கொடுங்கள்.