மறவாமையின் அறப்பெறுமானம்

மனிதன் நாள்தோறும் ஆற்றும் செயல்களுட் பெரும்பாலானவை அவனது கருத்தின்றியே நிகழ்கின்றன. முகங் கழுவுதல், உடுத்தல், உண்ணல், பேருந்தில் ஏறி இறங்குதல் ஆகியவற்றைக் கை கால்கள் தாமே செய்து முடிக்கின்றன. உள்ளமோ நேற்றைய மனக்குறையிலும் நாளைய பரீட்சையிலும் அலைகின்றது. இவ்வாறு வாழ்தலிற் குற்றம் யாது? செயல் செவ்வனே முடியுமாயின், அதனைச் செய்தவன் விழிப்போடு இருந்தானா என்பது ஏன் ஓர் ஒழுக்கவியற் பிரச்சினையாதல் வேண்டும்?

அன்றாட வாழ்வில் விழிப்புநிலையைப் பயிலுதல் பற்றி விரிவாகப் பேசிய பழைய மரபுகளுள் பௌத்தம் தலையாயது. பாளி மொழியிலமைந்த ஸதிபட்டான சுத்தம் மூச்சைக் கவனித்தலோடு அமைந்துவிடவில்லை. நடத்தல், திரும்பிப் பார்த்தல், கை கால்களை மடக்கி நீட்டுதல், உண்ணல், பருகல், மலசலங் கழித்தல், பேசுதல், வாளாவிருத்தல் என்பனவற்றையும் அது பயிற்சிக் களமாகக் கொள்கின்றது. 'ஸதி' என்னுஞ் சொல்லும் நோக்கற்பாலது. வடமொழி ஸ்மிருதியோடு உறவுடைய அச்சொல்லின் அடிப்படைப் பொருள் நினைவு என்பதாகும். ஆகவே விழிப்புநிலை என்பது ஒருவகை மறவாமையே. செய்துகொண்டிருப்பது யாது, அது எதன் பொருட்டு, அதனால் தாக்கமுறுவோர் யாவர் என்பனவற்றை மறவாதிருத்தலே அதன் உள்ளீடு எனலாம்.

தமிழ் மரபுக்கும் இக்கருத்துப் புதிதன்று. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை எனப் பெயர்பெறும். பொச்சாப்பு என்பது மறதி. மகிழ்ச்சிக் களிப்பால் விளையும் சோர்வு அளவிறந்த சினத்தினுந் தீதென அதன் முதற்குறள் கூறும். அவ்வதிகாரம் பொருட்பாலின் அரசியற் பகுதியில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. மறவாமை துறவிக்கு மட்டுமன்றி ஆள்வோனுக்கும் வேண்டப்படுகின்றது. அதிகாரமுடையோன் மறப்பின், துன்புறுவோர் பெரும்பாலும் பிறரே.

எனினும் இக்கொள்கைக்கு மாறாக மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது பழக்கம் பற்றியது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1890இல் வெளியிட்ட தமது உளவியல் நூலில், அன்றாடச் சிறுசெயல்களை எத்துணைக்குப் பழக்கத்திடம் ஒப்படைக்கின்றோமோ அத்துணைக்கு மனத்தின் உயர்ந்த ஆற்றல்கள் விடுதலை பெறும் என்னுங் கருத்தை வலியுறுத்தினார். இவ்வாதம் வலிமையுடையதே. சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் ஆழ்ந்து சிந்திப்பவன் வேறெதனையுஞ் செய்யான். ஆயினும் பழக்கம் பொத்தானோடு நின்றுவிடுவதில்லை. எளியோரிடம் குரலை உயர்த்துதல், பெண்ணொருத்தி கூறிய கருத்தைக் கேளாது கடந்துபோதல், பெயரைக் கேட்ட அளவிலேயே ஒருவரது இனத்தையும் ஊரையும் எடைபோடுதல் என்பனவும் பழக்கங்களே. அவை தம்மையறியாது நிகழ்வன. அறியாத ஒன்றைத் திருத்துதல் யார்க்கும் இயலாது. விழிப்புநிலை பழக்கத்தை ஒழிப்பதற்காக அன்று, அதனிடம் அவ்வப்போது கணக்குக் கேட்பதற்காகவே வேண்டப்படுகின்றது.

இரண்டாவது தடை இதனினுங் கடியது. கன்னமிடுங் கள்வனும் குறிபார்க்குங் கொலைஞனும் கூர்ந்த கவனமுடையோரே. அவ்வாறாயிற் கவனம் எங்ஙனம் அறமாகும்? 1979இல் ஜோன் கபட்-சின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நோயாளர் பொருட்டுத் தொடங்கிய பயிற்சி, சமயச் சூழலினின்று பிரித்தெடுக்கப்பட்டு உலகின் பல பாகங்களிலும் பரவியது. நாட்பட்ட நோவுடையோர் பலர் அதனாற் பயன்பெற்றனர். பின்னர் வணிக நிறுவனங்களும் அமெரிக்கப் படைத்துறையும் அத்தகைய பயிற்சிகளைக் கையாண்டன. தொழிலாளியின் சுமையைக் குறையாது, சுமையைப் பொறுக்கும் மனத்தை மட்டும் அவனுக்குப் பயிற்றுதல் முறையாகுமா என்னும் வினா நியாயமானது. இதற்குப் பௌத்த மூலநூல்களிலேயே விடை உண்டு. அவை 'சம்மா ஸதி' எனவும் 'மிச்சா ஸதி' எனவும் நல்லதையுந் தீயதையும் வேறுபடுத்துகின்றன. முன்னையது தமிழில் நற்கடைப்பிடி என வழங்கும். எண்வகை மார்க்கத்தில் அது தனித்து நிற்பதன்று. நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை ஆகியவற்றோடு சேர்த்தே அது எண்ணப்படுகின்றது. அவற்றினின்று அறுத்தெடுக்கப்பட்ட கவனம் ஒரு கருவியே. கருவி ஏந்துவோன் கைக்கேற்பவே பயன்படும்.

மூன்றாவது தடை, அகத்தை நோக்கும் பயிற்சி தன்னலமாய் முடியும் என்பதாகும். சங்யுத்த நிகாயத்தில் வரும் கழைக்கூத்தர் கதை இதற்கு ஏற்ற மறுமொழியாகின்றது. மூங்கிற் கழையில் ஏறி ஆடுமுன், ஒருவரையொருவர் காத்துக்கொள்வோம் என்கின்றான் ஆசான். அவரவர் தம்மைக் காத்துக்கொள்வதே தக்கதென்கின்றார் மாணாக்கர். மாணாக்கரின் கூற்றை ஏற்ற புத்தர், தன்னைக் காப்பதாற் பிறரையும், பிறரைக் காப்பதால் தன்னையும் ஒருவன் காக்கின்றான் என விரித்துரைக்கின்றார். தன் நிலை பிறழாத கூத்தனே தோள்மேல் நிற்பவனைத் தாங்க வல்லவன். ஜேர்மனியிற் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து, கண்டி உடவத்தகெலேக் காட்டுத் துறவகத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1994இல் மறைந்த ஞானபோனிக தேரர், இக்கதையைத் தனியே எடுத்து விளக்கியமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. எழும் சினத்தைச் சினமென உடனே அறிபவன், அது சொல்லாக வெளிப்படுமுன் ஒரு கணம் பெறுகின்றான். அக்கணத்தின் பயன் அவனுக்கு மட்டும் உரியதன்று. சுடுசொல்லினின்று தப்பியவனுக்கும் அது உரியது.

பௌத்தச் சூழலுக்கு வெளியே நின்ற பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் (1909-1943) இதே இடத்துக்கு வேறொரு வழியால் வந்துசேர்ந்தார். கேத்திரகணிதக் கணக்கொன்றுக்கு விடை கிட்டாதபோதும் அதன்மீது செலுத்திய கவனம் வீண்போவதில்லை என்பது அவர் கருத்து. துன்புறுவோன் ஒருவனை உள்ளவாறு நோக்கும் ஆற்றலை அது வளர்க்கின்றது என அவர் கருதினார். கல்வியின் பயனைப் பட்டத்தாலும் பதவியாலும் அளக்கும் சூழலில் இக்கருத்துச் சிந்தித்தற்குரியது.

விரிவுரையாளரின் அறைவாயிலில் தயங்கி நிற்கும் மாணவன் கேட்பது ஒரு நூலின் பெயராக இருக்கலாம். கேட்க விரும்புவது வேறொன்றாக இருக்கலாம். கைத்தொலைபேசியை நோக்கியவாறே நூலின் பெயரைக் கூறி அனுப்புபவர் கடமையிற் தவறியவரல்லர். வினாவுக்கு விடையும் கிடைத்துவிட்டது. ஆயினும் வந்தவன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிச் செல்கின்றான். செயல் செவ்வனே முடிந்த பின்னும் எஞ்சி நிற்கும் இக்குறையே, விழிப்புநிலை ஓர் ஒழுக்கவியற் பிரச்சினையாதற்குக் காரணமாகும்.