நோயுற்ற பிள்ளையிடம் பொய் சொல்லலாமா?

பெற்றோர்களே, உங்களை ஒன்று கேட்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் நான்கு வயதுப் பிள்ளை படுத்திருக்கிறது. ஊசியோடு நர்ஸ் வருகிறாள். பிள்ளை உங்கள் விரலைப் பற்றிக்கொண்டு, "வலிக்குமா அம்மா?" என்று கேட்கிறது. "இல்லை கண்ணே, வலிக்கவே வலிக்காது" என்கிறீர்கள். இது குற்றமா? பெற்ற வயிறு படும் பாட்டை அறிந்த எவரும் சட்டென்று ஆம் என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் இதைச் சற்று நிதானித்து யோசிக்கத்தான் வேண்டும்.

காய்ச்சலுக்காக வந்து, ஒரே ஊசியோடு வீடு திரும்பும் பிள்ளையின் சங்கதி வேறு. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்ற பிள்ளையின் சங்கதி வேறு. 1998-ம் ஆண்டு நவம்பர் மாதம், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிரம்பாத ஓர் ஆண் குழந்தைக்கு டில்லி அப்போலோ ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்றப்பட்டது. பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்டிருந்த குழந்தை அது. தகப்பனார் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். இந்தியாவில் குழந்தைக்கு வெற்றிகரமாகச் செய்யப்பட்ட முதல் ஈரல் மாற்றுச் சிகிச்சை அதுவே. அக் குழந்தை வளர்ந்து, படித்து, தானும் ஒரு மருத்துவராயிற்று. என்னே பாக்கியம்!

ஆனால் இத்தகைய சிகிச்சை வைத்தியரின் கத்தியோடு முடிந்துவிடுவதில்லை. புதிதாய் வந்த உறுப்பை உடல் அந்நியனாகவே கருதி எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தினந்தோறும், வேளை தவறாமல், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கொடுத்து வரவேண்டும். மருந்தின் அளவு சரிதானா என்று பார்க்க அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். அந்த மருந்தே உடலின் காவலையும் தளர்த்திவிடுவதால், பிறருக்குச் சாதாரணமான சளிகூட இப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். ஆகவே முகமூடி, தனியறை, விளையாட்டுத் தோழரைப் பிரிந்திருத்தல், இத்தனையும் உண்டு. ஆக, "வலிக்குமா?" என்ற கேள்வி ஒரு நாள் கேள்வியன்று. அது நூறு தடவை கேட்கப்படும்.

இவ் விஷயத்தைப் பெரியோர் ஆராயாமலில்லை. அர்ச். அகுஸ்தினார் கி.பி. 420-ம் ஆண்டையொட்டிப் பொய்யைக் கண்டித்து எழுதிய நூலில், நோயாளி ஒருவனைப் பற்றிப் பேசுகிறார். அவனுடைய ஒரே மகன் இறந்துவிட்டான், அவனுக்கோ தெரியாது. "என் மகன் உயிரோடிருக்கிறானா?" என்று அவன் கேட்கிறான். உண்மையைச் சொன்னால் அவன் உயிருக்கே ஆபத்து. என்ன செய்வது? இவ்விடத்தில் தம் உள்ளம் கலங்குவதை அகுஸ்தினார் மறைக்கவில்லை. அவரும் மகனைப் பறிகொடுத்த தகப்பனாரல்லவா! எனினும் பொய் கூடாது என்றே முடிவு கட்டுகிறார். ஆனால் அதே நூலில் வேறொன்றும் சொல்கிறார்: உண்மையை மறைத்து வைப்பதும் பொய் சொல்வதும் ஒன்றல்ல. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டுமென்ற கடமை எவருக்கும் இல்லை.

"மயிலாப்பூரில் பிறந்தார் என்று நாம் கொண்டாடும் திருவள்ளுவர் இன்னும் இரக்கமுள்ளவராயிற்றே!" என்பீர்கள். மெய்தான். குற்றமற்ற நன்மையை விளைவிக்குமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்பது அவர் வாக்கின் பொருள். ஆனால் அவர் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள்: நன்மை குற்றமற்றதாயிருக்க வேண்டும். "வலிக்காது" என்ற சொல் தரும் நன்மை எத்தனை நேரம் நிற்கிறது? ஊசி தோலைத் தொடும் வரையில்தான். அதன்பின் பிள்ளைக்கு இரண்டு நோவு: ஒன்று ஊசியினால், மற்றொன்று அம்மாவின் சொல்லினால். மறுநாள், "இந்த மருந்தைக் குடித்தால் நல்லது" என்று நீங்கள் மெய்யாகவே சொல்லும்போதும், அது உங்கள் முகத்தைச் சந்தேகத்தோடு பார்க்கும். இப் பிள்ளைகளில் சிலர் வாலிபப் பருவத்தில் மருந்தை நிறுத்திவிடுவதும், அதனால் கிடைத்த உறுப்பை இழப்பதும் மருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. அன்று அவர்களைக் காக்கப் பெற்றோருக்கு இருக்கும் பலம், சிறு வயதிலிருந்து சம்பாதித்து வைத்த நம்பிக்கையே. அந்த முதலை ஓர் ஊசிக்காகச் செலவழிக்கலாமா? வள்ளுவரின் தராசில் வைத்தாலும் இப் பொய் நிற்கவில்லை.

அப்படியானால் என்னதான் சொல்வது? "கொஞ்சம் வலிக்கும், ராஜா. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன்." இவ்வளவே போதும். பிள்ளை அழலாம், அழட்டும். அது உங்கள் தோளில் சாய்ந்தல்லவா அழும்!

வாக்குக் கொடுப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். "நீ கண் விழிக்கும்போது அப்பா பக்கத்திலிருப்பேன்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரை எந்நேரமும் விடமாட்டார்கள். தகப்பனாரே உறுப்புக் கொடுத்தவராயின், அவரும் வேறொரு கட்டிலில் படுத்திருப்பார். முதலில் நர்ஸைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பின்பு கைவசமுள்ளதை மட்டும் வாக்களியுங்கள். "நான் பிழைத்துக்கொள்வேனா?" என்று பிள்ளை கேட்குமானால், நாளைய தினத்தை நாம் யாரும் கையில் வைத்திருக்கவில்லை. "எல்லாரும் முழு மூச்சாய்ப் பாடுபடுகிறோம், உன்னைத் தனியே விடமாட்டோம்" என்பது உண்மை, அதைத் தைரியமாய்ச் சொல்லலாம். பூங்காவனத்தில் நம் ஆண்டவர் தம் சீடரிடம் கேட்டது ஆறுதல் வார்த்தையையல்ல. தம்முடன் விழித்திருப்பதையே கேட்டார்.

இன்னொரு கேள்வியும் ஒருநாள் வரும்: "இது யாருடையது?" 2008-ம் ஆண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த 15 வயது ஹிதேந்திரனின் இருதயம், நமக்கு அடுத்த தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீசார் வழி ஒதுக்கித்தர, 11 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. அப் பையனின் பெற்றோர் அசோகன், புஷ்பாஞ்சலி இருவரும் மருத்துவர்கள். மூளை செத்தபின்னும் மார்பு ஏறி இறங்கும், உடலில் சூடிருக்கும். "இன்னும் பிழைப்பான்" என்று தங்களையே ஏமாற்றிக்கொள்ள எத்தனை இடமிருந்தது! அவர்கள் அந்தப் பொய்யைத் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த மெய்யிலிருந்து பிறர் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. உறுப்பைக் கொடுத்து இறப்போரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழக அரசு 2023-ல் அறிவித்தது. ஆகவே பிள்ளையிடம் இதைத் திருட்டுச் சமாசாரம்போல் ஒளிக்க வேண்டியதில்லை. பெயர் ஊர் வேண்டாம். "ஒரு வீட்டில் பெரிய துக்கம் வந்தது. அந்தத் துக்கத்திலும் அவர்கள் உன்னை நினைத்தார்கள்" என்று, வயதுக்கேற்ப, அது கேட்கும்போது சொல்லுங்கள். நன்றியறிதல் அங்கேதான் பிறக்கும்.

அண்டை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. கூட்டமாய்ப் போய்க் கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, "உனக்கு ஒன்றுமேயில்லை" என்று சொல்லாதீர்கள். அது பிள்ளைக்கு நோய்த் தொற்று; பெற்றோருக்குப் பாரம். ஒரு வேளைச் சாப்பாட்டைச் சமைத்து வாசலில் கொடுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். "எங்களால் இதைச் செய்ய முடியும்" என்று சொல்லி, சொன்னதைச் செய்யுங்கள். அதுவும் மெய் பேசுதலே.