ஓசையில்லாத உல்லாசப் படகு

விடியற்காலை நாலு மணிக்கு முல்லைத்தீவுக் கரையில் நீங்கள் நின்றதுண்டா? நின்றிருந்தால் அந்தச் சத்தம் உங்கள் காதை விட்டுப் போயிராது. வள்ளத்தின் பின்புறத்தில் நிற்பவர் கயிற்றை இழுப்பார், மிசின் இருமும். மறுபடியும் இழுப்பார்; பிடித்துக்கொள்ளும். முதலில் கொஞ்சம் பெற்றோல், சூடேறிய பின் மண்ணெண்ணெய். கண்ணை எரிக்கும் புகை கரையெல்லாம் படரும். பத்துப் பதினைந்து வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலையைத் தாண்டிப் போகையில் ஊரே விழித்துவிடும். "அது எங்கட அப்பான்ர மிசின்" என்று பாயில் படுத்தபடியே சொல்லிவிடும் சிறு பிள்ளைகளும் உண்டு.

அந்தச் சத்தத்தின் நடுவிலேயே ஐம்பது வருடம் சீவித்த ஒரு பெரியவருக்கு அண்மையில் ஒரு படம் காட்டினேன். வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் என் கைத்தொலைபேசிக்கு அனுப்பியது. வெள்ளை வெளேரென்ற ஓர் உல்லாசப் படகு, கண்ணாடி போன்ற கடலில் புகையும் இன்றி நுரையும் இன்றி நகர்கிறது. "இதற்குச் சத்தமே கிடையாதாம், எண்ணெயும் குறைவாம்" என்றேன். அவர் சொன்ன மறுமொழியைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் படம் என் மனத்தில் கிளப்பிய கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இவ்வகைப் படகை ஹைபிரிட் என்கிறார்கள். இரண்டு வலு கலந்தது என்று பொருள். டீசல் இயந்திரமும் உண்டு, பெரிய பற்றறிகளும் மின்மோட்டாரும் உண்டு. துறைமுகத்துக்குள் நுழையும்போதும் மெதுவாகப் போகும்போதும் டீசலை நிறுத்திவிட்டுப் பற்றறியில் ஓடும். நங்கூரமிட்ட இரவில் குளிரூட்டிக்கும் விளக்குக்குமாக விடிய விடிய உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேற்றரையும் சில மணி நேரம் ஓய விடலாம். ஒல்லாந்தில் ஃபெட்ஷிப் நிறுவனத்தார் 2015 இல் கட்டிமுடித்த 'சவன்னா' என்னும் 83.5 மீற்றர் நீளமுள்ள படகு இவ்வழியில் பெயர்பெற்றது. எரிபொருளில் 30 வீதம் வரை மிச்சம் என்று அதைக் கட்டியவர்கள் சொன்னார்கள். பிறகு வந்த படகுகள் பல.

இதன் கவர்ச்சி பொய்யானதல்ல. பணக்காரனின் பொருள் என்பதற்காகவே நாம் அதை ஏளனம் செய்யக்கூடாது. கடலில் அமைதியாகப் போவது உண்மையிலேயே ஒரு நன்மை. தண்ணீருக்குள் ஓசை காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேலான வேகத்தில் ஓடும். இயந்திரச் சத்தம் மீன் கூட்டத்தைக் கலைக்கும் என்று எங்கள் தொழிலாளர் சொல்வதில் அர்த்தம் உண்டு. மீன்வள ஆராய்ச்சிக் கப்பல்களை இயன்றவரை ஓசையின்றிக் கட்டுவதும் அதற்காகவே. எங்கள் பழைய மண்ணெண்ணெய் மிசினை எடுங்கள்: அதில் ஊற்றும் எரிபொருளில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியேறிக் கடலில் கலந்துவிடுகிறது. அந்தக் குற்றத்தைச் செய்யாத இயந்திரம் நல்ல இயந்திரம்தான்.

ஆனால் மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஊன்றிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெரும்பகுதி மிச்சம் பற்றறியில் இல்லை, நிதானத்தில் இருக்கிறது. தண்ணீரைப் பிளந்து போகும் கனமான படகு ஒன்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், அதற்கு வேண்டிய வலு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகிவிடும். போய்ச் சேர இரட்டிப்பு நேரம் எடுக்கும். ஆயினும் அதே தூரத்துக்கு எரிவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஆக, அவசரப்படாதவனுக்கு அந்தப் படகு இல்லாமலேயே மிச்சம் உண்டு. ஆறுதலாகப் போக நேரமுள்ளவர் யார் என்பதுதான் கேள்வி. சந்தைக்கு மீன் சேர்க்க வேண்டியவனுக்கு அந்த நேரம் இல்லை.

இனிக் கேள்விக்கு வருவோம். குறைவாகக் கெடுப்பது நன்மை ஆகுமா? ஒரு பொருள் தேவைக்கு மிஞ்சியது என்றால், அது முன்னையதைவிடக் குறைவாகப் புகைவிடுகிறது என்பதனால் அதை வைத்திருப்பது குற்றமற்றதாகி விடுமா?

ஆகும் என்பவர்களின் வாதத்தை முதலில் கேட்போம். பணமுள்ளவன் எப்படியும் படகு வாங்கப்போகிறான். புகை கக்குவதை வாங்குவதிலும் இது மேல் அல்லவா என்கிறார்கள். மேல்தான். அதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது; நூறு அடி அடித்தவன் எழுபதோடு நிறுத்தினான் என்று மாலை போடுவதில்லை. உதாரணத்துக்கு, மணிக்கு 300 லீற்றர் எரித்த படகு 210 எரிக்கிறது என்று வையுங்கள். விளம்பரத்தில் மிச்சமான 90 லீற்றரைக் காட்டுவார்கள். எரிந்த 210 லீற்றரை ஒருவரும் காட்டுவதில்லை. ஒரு சிறு வள்ளத்துக்கு ஒரு நாள் தொழிலுக்கு 30 லீற்றர் என்று கொண்டால், அந்த ஒரு மணி நேர உல்லாசத்தில் ஏழு குடும்பங்களின் ஒரு நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது.

எங்கள் பகுதியில் இது வெறும் கணக்கு அல்ல. 1990 களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வன்னியில் என்ன மதிப்பு இருந்தது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியைப் போட்டு, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராக இருக்கிறார்கள். 2022 இல் நாடே எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றது. அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. வள்ளங்கள் மணலில் கிடந்தன. அப்போது கரையில் நிலவிய அமைதியும் ஓசையில்லாத அமைதிதான். அதை விலைகொடுத்து வாங்க எவரும் வரவில்லை.

அடுத்த வாதம் சற்றுக் கனமானது. இன்று செல்வந்தன் பரீட்சித்துப் பார்ப்பது நாளை ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும் என்பார்கள். சில விடயங்களில் அப்படி நடந்ததுண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எங்களுக்கு மிக அருகிலேயே வேறுவிதமான ஓர் உதாரணம் இருக்கிறது. கேரளத்தில் வேம்பநாட்டு ஏரியில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 சனவரி முதல் 'ஆதித்யா' என்ற சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது. 75 பேர் ஏறலாம். கொச்சியிலேயே கட்டப்பட்டது, மாநில அரசின் நீர்ப்போக்குவரத்துத் திணைக்களத்துக்குரியது. அதில் ஏறியவர்கள் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிற பெண்களுமே. 2023 ஏப்ரலில் கொச்சி நகரிலே நீர் மெட்ரோ என்ற பெயரில் 100 பேர் செல்லக்கூடிய படகுகள் சேவைக்கு வந்தன. பற்றறியும் துணைக்கு டீசல் ஜெனரேற்றரும் கொண்டவை. அந்த உல்லாசப் படகின் அதே வித்தைதான். செல்வந்தர் உண்டு மிஞ்சியது கீழே சிந்தும்வரை காத்திராமல் பொதுமக்களுக்கென்றே நேராகச் செய்தார்கள். ஆக, வித்தையின் மேல் பழி இல்லை. அதை முதலில் யாருக்காகப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர்கள் மனிதர்களே.

வேறொரு பொறியும் உண்டு. 1865 இல் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி இயந்திரம் திருந்தித் திருந்திக் குறைந்த கரியில் ஓட ஓட, நாட்டின் கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மலிவானால் அதிகம் பாவிப்போம், அவ்வளவுதான். இதைப் படிக்க இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. கிளிநொச்சிப் பக்கம் தோட்டக் கிணற்றில் சூரியசக்தி மோட்டார் பூட்டியவரைக் கவனியுங்கள். முன்பு மண்ணெண்ணெய் தீரும் என்ற பயத்தில் பாத்தி நனைந்தவுடன் ஓடிப்போய் நிறுத்தியவர், இப்போது செலவில்லை என்று வெயில் உள்ளமட்டும் ஓட விடுகிறார். சத்தம் இல்லாததால் அது ஓடுவதுகூட நினைவுக்கு வருவதில்லை. எண்ணெய் மிச்சம், தண்ணீர்? அடுத்த காணிக்காரரின் கிணறு கோடையில் வற்றும்போதுதான் தெரியவரும். அந்தத் தோட்டக்காரர் கெட்டவர் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர். இரைச்சல் ஒரு தொல்லைதான். ஆனால் நாம் எதையோ செலவழித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைவூட்டும் வேலையையும் அது செய்துகொண்டிருந்தது.

அந்தப் படகில் எனக்குள்ள மனத்தாங்கலும் இதுவே. இயந்திரத்தின் ஓசையை அடக்கியது பாராட்டத்தக்கது. அத்தோடு உடையவரின் மனச்சாட்சியின் ஓசையையும் சேர்த்து அடக்கிக் கொடுக்கிறார்களே, அதற்கும் விலை வாங்குகிறார்களே! 1967 இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், பிறர் அத்தியாவசியமானவை இன்றித் தவிக்கையில் தன் தேவைக்கு மிஞ்சியதைத் தனக்கென்றே வைத்திருக்க ஒருவருக்கும் நியாயமில்லை என்றார். மிஞ்சியது புகைவிடாததாக இருந்தால் பரவாயில்லை என்ற விதிவிலக்கை அவர் அதில் சேர்க்கவில்லை.

அப்படியானால் அழகான படகு யாருக்குமே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் கடலிலிருந்தே ஓர் அழகான கப்பல் உல்லாசத்துக்காகப் போயிருக்கிறது. வல்வெட்டித்துறையில் எங்கள் மேஸ்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை, உலகைச் சுற்றிவந்த அமெரிக்கக் கடலோடி வில்லியம் ரொபின்சன் ஆசைப்பட்டு வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். சரக்கு ஏற்றப் பிறந்த கப்பல் அது. காற்றை நம்பி ஓடியது. அதன் ஓசை பாயின் படபடப்பும் மரத்தின் முனகலும்தான். சோளகத்துக்கும் வாடைக்கும் காத்திருக்கத் தெரிந்தவர்கள் அதை ஓட்டினார்கள். அவர் அதன் அழகில் மயங்கியதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழகு உழைப்பிலிருந்து பிறந்தது. இந்த வெள்ளைப் படகுக்கு உழைப்பின் வாடையே தெரியாது. இது என் சொந்த அபிப்பிராயம். நீங்கள் மாறுபடலாம்.

பெரியவரின் மறுமொழிக்கு வருகிறேன். படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பொறாமையும் இல்லை, வியப்பும் இல்லை. வலை தைக்கும் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, விரலால் படகின் பின்பக்கத்தைத் தடவினார்.

"தம்பி, உந்தப் படகு வேண்டாம். உதின்ர மிசினை மட்டும் தனியாய்க் கழற்றி விப்பாங்களோ?"

விற்பார்கள் ஐயா, சிறிய மின்மோட்டார்கள் தனியாகவே வருகின்றன என்றேன். பற்றறியின் பாரத்தையும் சொல்லவேண்டி வந்தது. ஒரு கிலோ டீசலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் ஒரு கிலோ பற்றறியில் இருக்கும். நந்திக்கடலுக்குள் போய்வரப் போதும். வெளிக்கடலுக்குப் போய் வலையும் மீனும் ஏற்றிக்கொண்டு திரும்ப, இப்போதைக்கு வள்ளம் தாங்காது.

"களப்புக்குள்ள எண்டாலும் காணும். இறால் படுக்கிற இடத்தில சத்தம் போடாமல் போகலாம். சங்கத்தில கதைச்சுப் பார்ப்பம். எத்தினை பேர் சேர்ந்தால் ஒண்டு வாங்கலாம்?"

எனக்குச் சரியான விலை தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, பொத்தலான வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.