பொறுப்பில் அமரத் தகுதி எது?

பள்ளி விட்ட மாலை நேரம். குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட சிறிய பெஞ்சுகளில் பெரியவர்கள் சிலர் ஒடுங்கி அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் வயலிலிருந்து நேராக வந்தவர். காலில் சேறு இன்னும் காயவில்லை. ஒருவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்பவர். இடுப்பில் கைக்குழந்தையுடன் வந்திருக்கும் இளம் தாய் ஒருத்தி வாசலுக்கு அருகிலேயே தயங்கி நிற்கிறாள். தலைமை ஆசிரியர் பதிவேட்டிலிருந்து தீர்மானங்களை வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் பதிவேடு கை மாறிச் செல்கிறது. சிலர் கையெழுத்திடுகின்றனர், சிலர் பெருவிரல் ரேகை வைக்கின்றனர். கூட்டம் முடிகிறது.

நம் நாட்டில் சுமார் 10 லட்சம் அரசுப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் எத்தனையோ பள்ளிகளில் மாதந்தோறும் காணக்கூடிய காட்சி இது. இதைப் பார்க்கும் படித்த ஒருவரின் மனத்தில் ஒரு கேள்வி எழக்கூடும்: 'தங்கள் பெயரையே எழுதத் தெரியாதவர்கள் பள்ளியை எப்படி மேற்பார்வையிடுவார்கள்? இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?'

கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால் இதற்கு விடை காண முற்பட்டால், அதைவிட ஆழமான மற்றொரு கேள்வியை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பிறர் குழந்தைகளின் நலனுக்குப் பொறுப்பேற்க ஒருவரைத் தகுதியாக்குவது எது? படிப்பா, செல்வமா, குடும்பப் பின்னணியா, இதுவரை செய்த சேவையா, அல்லது வேறொன்றா?

ஊரார் கையில் பள்ளி

ஆரம்பக் கல்வியை உள்ளூர் மக்களின் பொறுப்பில் விட வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1882-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, ஆரம்பப் பள்ளிகளை மாவட்ட வாரியங்களிடமும் நகராட்சிகளிடமும் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் முன் சாட்சியம் அளித்தவர்களுள் ஒருவர் புனேயைச் சேர்ந்த மகாத்மா ஜோதிராவ் பூலே.

அவருடைய பின்னணி என்ன? தோட்டத் தொழிலும் பூ வியாபாரமும் செய்து வந்த குடும்பம் அவருடையது. சமூகத்தில் உயர்ந்த இடம் எதுவும் அவருக்குப் பிறப்பால் வாய்க்கவில்லை. 1848-ஆம் ஆண்டில், 21 வயதில், பெண் குழந்தைகளுக்கென்று புனேயில் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் சாவித்திரிபாய் அப்பள்ளியின் ஆசிரியை ஆனார். உழைப்பாளிகளுக்காக 1855-இல் இரவுப் பள்ளி தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் எடுப்பதற்காகத் தம் வீட்டுத் தொட்டியை 1868-இல் திறந்து விட்டார். இவ்வளவும் செய்த பிறகே, 1876-இல், புனே நகராட்சியின் உறுப்பினராகப் பொறுப்பேற்றார். பதவி வந்தபின் சேவையைத் தேடிச் சென்றவர் அல்லர் அவர். சேவை செய்துகொண்டிருந்தவரைப் பதவி வந்து சேர்ந்தது.

ஹண்டர் குழுவின் முன் அவர் எடுத்துரைத்த கருத்துகள் இன்றும் சிந்திக்கத் தக்கவை. உழவர் செலுத்தும் வரிப் பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்கே பெரிதும் செலவாகிறது என்றார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் உழவர் குடும்பங்களிலிருந்தும் வர வேண்டும். ஏர் பிடிக்கவோ தச்சுக் கருவியை எடுக்கவோ கூச்சப்படாதவர்களாக அவர்கள் இருக்க வேண்டும் என்றார். மக்களோடு கலந்து பழக இயலாதவர் மக்களின் குழந்தைகளை அறிய இயலாது என்பதே இதன் உட்பொருள். ஆக, எளிய பின்னணியை அவர் குறைபாடாகக் காணவில்லை; பள்ளிக்குத் தேவையான ஓர் அறிவாகவே கண்டார்.

1911-ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால், அரசின் ஒப்புதலோடு, தங்கள் பகுதியில் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதே அதன் சாரம். மிகவும் மிதமான கோரிக்கை! ஆயினும் மறு ஆண்டு அது 38-க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. அந்தச் சபையில் இருந்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், செல்வர்கள், செல்வாக்கு மிக்கவர்கள். பின்னணியை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்களுக்குத் தகுதிக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் பள்ளிக்குச் செல்ல வழியற்றிருந்த குழந்தைகளுள் அவர்களுடைய குழந்தைகள் இல்லை.

எழுத்தறிவு அளவுகோலா?

நம் காலத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 2014-ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான் மாநிலத்தில் ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி விதிக்கப்பட்டது. 2015-இல் ஹரியாணாவும் அவ்வாறே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் செல்லும் என்று 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்மை தீமைகளைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே தருகிறது என்பது அத்தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பின்னர் 2019-இல் ராஜஸ்தான் அந்த விதியை நீக்கிவிட்டது.

இதற்கு நேர் எதிரான பாதையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தேர்ந்தெடுத்தது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும்; அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் அங்குப் படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்; நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த பெற்றோருக்கு அவர்களின் விகிதாசாரப்படி இடம் தர வேண்டும் என்று அது விதித்தது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதும், வரும் நிதி முறையாகச் செலவிடப்படுகிறதா என்று பார்ப்பதும் குழுவின் கடமைகள். பெற்றோர் உறுப்பினருக்கு எந்தக் கல்வித் தகுதியையும் அச்சட்டம் கேட்கவில்லை.

இரண்டு நிலைப்பாடுகளில் எது சரி? அவசரப்பட்டு முடிவு கூறுவதற்கில்லை. படிப்பு வேண்டும் என்பவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. கணக்கைப் படிக்கத் தெரியாதவரை எளிதில் ஏமாற்றலாம். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே அவர் ரேகை வைக்க நேரிடும். 1999-இல் வெளியான ஆரம்பக் கல்வி பற்றிய பொது அறிக்கை, வட மாநிலங்களில் அன்றிருந்த கிராமக் கல்விக் குழுக்கள் பலவும் பெயரளவிலேயே இயங்கியதை எடுத்துக் காட்டியது. நல்ல மனம் மட்டும் இருந்தால் பள்ளி நடந்துவிடாது.

ஆயினும், படிப்பு இல்லாமையைத் தகுதியின்மையாகவே கொள்வதில் ஓர் அநீதி இருக்கிறது. எந்தத் தலைமுறைக்குச் சமூகம் கல்வி அளிக்கத் தவறியதோ, அதே தலைமுறையைப் பார்த்து, 'நீ படிக்கவில்லை. ஆகவே பள்ளியைப் பற்றிப் பேச உனக்கு உரிமை இல்லை' என்று கூறுவது, ஒருவனைப் பட்டினி போட்டுவிட்டு அவனுடைய மெலிவைப் பழிப்பது போன்றது. மேலும், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக் கொள்ளலாம். கணக்கை வாசித்துக் காட்ட ஒருவர் கிடைப்பார். அக்கறையை அப்படி இரவல் வாங்க இயலாது.

கர்நாடகத்தின் ஹரேகள ஹாஜப்பா இதற்கு வாழும் சான்று. மங்களூரு வீதிகளில் ஆரஞ்சுப் பழம் விற்றவர்; பள்ளிப் படிப்பு அறியாதவர். வெளிநாட்டவர் ஒருவர் பழத்தின் விலையைக் கேட்டபோது பதில் சொல்ல மொழி தெரியாமல் நின்றார். அந்தத் தலைகுனிவு தம் ஊர்க் குழந்தைகளுக்கு வரக்கூடாது என்று எண்ணினார். பழம் விற்ற காசைச் சேமித்தார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அவருடைய நியூபடப்பு கிராமத்தில் பள்ளி உருவாயிற்று. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கல்வியின் அருமையை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. கல்வி இல்லாததால் நேர்ந்த வலியால் அறிந்தார். அந்த அறிவைப் படிப்பின்மை என்று தள்ளிவிட முடியுமா?

தன் குழந்தையும் பிறர் குழந்தையும்

பள்ளியில் தன் குழந்தை படிப்பவருக்கே அதன் குறைகள் உறைக்கும் என்பது உலகியல் உண்மை. 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இதைத் தொட்டது. உத்தரப் பிரதேசத்தில் அரசுப் பணியாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தங்கள் குழந்தைகளை அரசு ஆரம்பப் பள்ளிகளில் சேர்க்க வழி செய்ய வேண்டும் என்று அது கூறியது. தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிட்டது. ஆனால் அது எழுப்பிய கேள்வி நிற்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளை அருந்தாத தண்ணீரின் தூய்மையைப் பற்றி ஒருவர் எவ்வளவு தூரம் கவலைப்படுவார்?

ஆயினும் இதுவும் முழு விடையாகிவிடாது. தன் குழந்தை என்ற பாசம் பள்ளிக்குள் நுழையும் வாசலாக இருக்கலாம். அந்த வாசலிலேயே நின்றுவிட்டால் பயனில்லை. தன் மகனுக்கு முன்வரிசையில் இடமும் தன் மகளுக்குப் பரிசும் கேட்பதற்காகக் குழுவில் சேருபவர், பதிவேட்டில் பெற்றோர். மனத்தளவில் அவர் இன்னும் பொறுப்பாளராகவில்லை. பாசம் தன் வீட்டு எல்லையைத் தாண்டி, கடைசி பெஞ்சில் ஊமையாய் அமர்ந்திருக்கும் பிறர் குழந்தையையும் தழுவும்போதுதான் அது தொண்டாக மாறுகிறது. ஆன்மிகம் கற்பிக்கும் மனவிரிவும் இதுவே. 'என்' என்பது 'நம்' என்று விரிவதற்குக் காட்டுக்கோ குகைக்கோ செல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளியின் மாதக் கூட்டமே அதற்கு ஏற்ற சாதனைக் களம்.

சேவையின் வேடங்கள்

பொறுப்புக்கு வர விரும்புவோர் தாங்கள் செய்த சேவைகளைப் பட்டியலிடுவது வழக்கம். எத்தனை சங்கங்களில் தலைவர், எத்தனை விழாக்களுக்குப் புரவலர் என்று துண்டுப் பிரசுரங்கள் பேசும். அவற்றை முழுவதும் பொய் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சேவைக்கும் வேடங்கள் உண்டு. தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக் கொடுத்து, அதில் தொட்டியைவிடப் பெரிதாகத் தம் பெயரைப் பொறிப்பவர் உண்டு. கட்டட வேலையைத் தம் உறவினருக்கு வாங்கித் தருவதற்காகவே குழுவில் இருப்பவர் உண்டு. எவரையும் பகைத்துக் கொள்ளாமல் எல்லாத் தீர்மானத்துக்கும் தலையசைத்து, நல்லவர் என்று பெயர் வாங்குபவரும் உண்டு. முதல்வர் புகழுக்கும், இரண்டாமவர் பொருளுக்கும், மூன்றாமவர் அச்சத்துக்கும் அடிமைகள்.

உண்மைச் சேவையை எப்படி அறிவது? எவரும் பார்க்காத இடத்தில் அது என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். பெண் குழந்தைகளுக்கான கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று விழா நாளில் எவரும் கேட்பதில்லை. அதைச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் சென்று பார்ப்பவரே தொண்டர். அவருடைய பெயர் கல்வெட்டில் இருக்காது. பலனைக் கருதாமல் பணி செய்வது என்று நம் முன்னோர் கூறியது இத்தகைய சிறு செயல்களையும் சேர்த்துத்தான்.

நம்பிக்கையே பயிற்சி

பொறுப்பு மனிதனை வளர்க்கவும் செய்கிறது. நாகாலாந்து மாநிலம் 2002-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, ஆரம்பப் பள்ளிகள் உள்ளிட்ட அரசு நிறுவனங்களின் நிர்வாகத்தைக் கிராமச் சமூகத்திடம் ஒப்படைத்தது. ஆசிரியர்களின் ஊதியம் கிராமக் கல்விக் குழுவின் வழியாக வழங்கப்பட்டது. காரணமின்றிப் பணிக்கு வராதவருக்கு அந்நாள் ஊதியம் இல்லை. மக்களை நம்புவது, அவர்களுக்குப் பயிற்சி தருவது, அதிகாரத்தையும் நிதியையும் அவர்களிடம் மாற்றுவது என்ற மூன்றும் அத்திட்டத்தின் அடிப்படைகள். 2008-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருது கிடைத்தது.

இந்த மூன்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். தகுதி வந்த பிறகு நம்புவோம் என்று அங்குச் சொல்லப்படவில்லை. நம்பிக்கை முதலில் வைக்கப்பட்டது, தகுதி அதைத் தொடர்ந்து வளர வழி செய்யப்பட்டது. நீந்தக் கற்ற பிறகே தண்ணீரில் இறங்குவேன் என்பவன் ஒருநாளும் நீந்தப் போவதில்லை. அதே சமயம், நீந்தத் தெரியாதவனைத் தனியே ஆற்றில் தள்ளிவிட்டுக் கரையில் நின்று சிரிப்பதும் அறமன்று. பயிற்சி தராமல் பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு, 'பார்த்தீர்களா, இவர்களால் முடியவில்லை' என்று கூறுவோர் செய்வது அதைத்தான்.

இவ்விடத்தில் படித்தவர்களின் கடமை தெளிவாகிறது. குழுவில் நாற்காலி கிடைக்கவில்லையே என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. கணக்கை வாசித்துக் காட்டலாம். மனு எழுத உதவலாம். சட்டம் தரும் உரிமைகளை எளிய சொற்களில் விளக்கலாம். முடிவெடுக்கும் உரிமையை மட்டும் அந்தப் பெற்றோரிடமே விட்டுவிட வேண்டும். தாம் பின்னே நின்று பிறரை முன்னே நிறுத்துவது கடினமான தவம். கல்வி கற்றவர்க்கு அதுவே அழகு.

தொடக்கத்தில் கண்ட காட்சிக்குத் திரும்பலாம். பதிவேடு வாசலருகே நிற்கும் இளம் தாயிடம் வருகிறது. அவள் ரேகை வைக்கப் பெருவிரலை நீட்டுகிறாள், பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தயங்கிக் கேட்கிறாள்: "ஐயா, பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பிள்ளை மூன்று மாதமாகப் பள்ளிக்கு வரவில்லை. அவளைப் பற்றி இதில் ஏதாவது எழுதியிருக்கிறதா?"

எழுதியிருக்கவில்லை. தலைமை ஆசிரியர் பேனாவைத் திறக்கிறார். வயலிலிருந்து வந்தவர் அந்தப் பிள்ளையின் தந்தையைத் தமக்குத் தெரியும் என்கிறார். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு யார் யார் செல்வது என்று பேச்சுத் தொடங்குகிறது. ஓர் எழுத்தும் அறியாத அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பின்னரே அங்கு உண்மையான கூட்டம் ஆரம்பமாகிறது. பொறுப்பில் அமரத் தகுதி எது என்று கேட்போர்க்கு அந்தக் கேள்வியே விடை.