மறைந்த கையும் மக்கள் செவியும்

ஒரு பாட்டு நாடெங்கும் பரவி இளைஞர் உள்ளத்தைக் கவரும்பொழுது, அதன் பின்னால் ஏதோ ஓர் அரசாங்கத்தின் மறைந்த கை இருக்கின்றது என்று கூறுவோர் உளர். பீற்றில்ஸ் குழுவினரின் பாடல்களை அவர்கள் இயற்றவில்லை, ஜெர்மன் சிந்தனையாளர் தியடோர் அடோர்ணோவே எழுதிக் கொடுத்தார் என்பது இத்தகைய கதைகளுள் ஒன்று. இளைஞரை அரசியலிலிருந்து திசைதிருப்புவதற்காக உளவு ஸ்தாபனங்களே றொக் இசையை வளர்த்தன என்பது மற்றொன்று. இவற்றை நகைத்து ஒதுக்கிவிடலாமா? வரலாறு நம்மை அவ்வளவு எளிதில் நகைக்க விடுவதில்லை.

1950 ஆம் ஆண்டு ஜூன் மாதம் மேற்கு பேர்லினில் கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்னும் ஸ்தாபனம் தோன்றியது. சிந்தனைச் சுதந்திரத்தைக் காப்பதே தன் நோக்கம் என்று அது பிரகடனம் செய்தது. காலப்போக்கில் 35 நாடுகளில் அதற்கு அலுவலகங்கள் அமைந்தன. இருபதுக்கும் மேற்பட்ட சஞ்சிகைகள் அதன் ஆதரவில் வெளிவந்தன. 1953 இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற 'என்கவுன்ரர்' அவற்றுள் புகழ்பெற்றது. 1952 இல் அக்காங்கிரஸ் பரிஸ் நகரில் நடத்திய பெருங் கலைவிழாவில் பொஸ்ரன் சிம்பொனி வாத்தியக் குழு இசைத்தது. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அறக்கட்டளைகளின் பெயரால் அமெரிக்க உளவு ஸ்தாபனமாகிய சி. ஐ. ஏ. கொடுத்த பணம் அது. 1966 இல் 'நியூயோர்க் டைம்ஸ்' அதனைச் சுட்டிக்காட்டியது. 1967 இல் 'ரம்பார்ட்ஸ்' சஞ்சிகை, அமெரிக்க மாணவர் சங்கத்துக்கும் அதே இடத்திலிருந்து பணம் சென்றதை அம்பலப்படுத்தியது. அவ்வாண்டிலேயே அந்த ஸ்தாபனத்தின் முன்னாள் அதிகாரி தோமஸ் பிறேடன், தாம் செய்தவற்றைப் பெருமையோடு எழுதி ஒப்புக்கொண்டார். 'என்கவுன்ர'ரின் ஆசிரியர்களுள் ஒருவரான கவிஞர் ஸ்ரீபன் ஸ்பெண்டர் பதவியை விட்டு விலகினார்.

இங்கேதான் ஓர் அறக்கேள்வி எழுகின்றது. இரகசியப் பணம் தொட்டதால் இசை பொய்யாகிவிட்டதா? 1961 இல் கறுப்பினப் பாடகி நீனா சிமோன் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குச் சென்று பாடினார். அவரை அழைத்துச் சென்ற ஆபிரிக்கக் கலாசாரத்துக்கான அமெரிக்கச் சங்கமும் சி. ஐ. ஏ. பணம் பெற்றது என்பது பின்னர் வெளியாயிற்று. அதனை அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. அவருடைய குரலில் ஒலித்த துயரம் அவருடையதே. அதனை எந்த அரசாங்கமும் விலைக்கு வாங்கவில்லை.

அவ்வாறாயின் குற்றம் எங்கே உள்ளது? நம் சங்கப் புலவர்களும் பரிசில் பெற்றே பாடினர். ஆனால் புரவலனின் பெயர் பாட்டிலேயே நின்றது. கேட்டவர் அதனை அறிந்தே புகழ்ச்சியை எடைபோட்டனர். இரகசியப் புரவலனோ அந்தத் தராசையே கேட்போர் கையிலிருந்து பறித்துக்கொள்கின்றான். யாருக்காகப் பாடுகின்றோம் என்பதை அறியும் உரிமையைக் கலைஞனிடமிருந்தும், யார் பேசுகின்றார் என்பதை அறியும் உரிமையை மக்களிடமிருந்தும் அவன் திருடுகின்றான். சுதந்திரத்தின் பெயரால் நடந்த இத்திருட்டே குற்றம்.

இனி, சதிக்கதை சொல்வோரைப் பார்ப்போம். காங்கிரஸின் கதையை நாம் நம்புவதற்குக் காரணம், பணம் சென்ற வழி காட்டப்பட்டது, சம்பந்தப்பட்டோர் ஒப்புக்கொண்டனர். அடோர்ணோவின் கதைக்கு என்ன சான்று உண்டு? சான்று கேட்டால், அது கிடைக்காமையே சூழ்ச்சியின் ஆழத்துக்குச் சான்று என்பார்கள். எதனாலும் மறுக்க முடியாத கூற்று எதனையும் விளக்குவதில்லை.

ஐயுறுவதே தவறு என்று நாம் கூறவில்லை. ஸ்கோர்ப்பியன்ஸ் என்ற ஜெர்மன் குழுவினர் 1990 இல் வெளியிட்ட 'விண்ட் ஒவ் சேஞ்ச்' என்ற பாடலை சி. ஐ. ஏ. எழுதியது என்றொரு வதந்தி உண்டு. பத்திரிகையாளர் பட்ரிக் றாடன் கீஃப் 2020 இல் ஓர் ஒலித்தொடரில் அதனை விரிவாக விசாரித்தார். முடிவான சான்று கிடைக்கவில்லை. பாடலை இயற்றிய கிளவுஸ் மைனே அதனை மறுத்தார். ஐயம் ஐயமாகவே விடப்பட்டது. அது நேர்மையான விசாரணையின் முறை.

சதிக்கதையின் பெருங்குறை வேறொன்று. அது மக்களைப் பொம்மைகளாகக் கருதுகின்றது. ஆட்டுவிப்போன் நினைத்தபடியெல்லாம் கலைஞன் பாடுவான், இளைஞர் ஆடுவர் என்று அது எண்ணுகின்றது. உளவு அதிகாரிகளின் எண்ணமும் இதுவே. ஆனால் 1957 இல் நடந்தது என்ன? லிற்றில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்கூடத்துள் நுழைவதை ஆளுநர் படைகொண்டு தடுத்தார். அரசாங்கத்தின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த லூயி ஆம்ஸ்ரோங் தாம் செல்லப்போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். தம்முடைய நல்லெண்ணத் தூதராக அதிகாரிகள் கருதிய மனிதர், தம் மக்களின் தூதராக நின்றார்.

மேலும், மறைந்த கையையே தேடுவோர் வெளிப்படையான கையைக் காண்பதில்லை. போல் றோப்சனின் கடவுச்சீட்டை அமெரிக்க அரசாங்கம் 1950 இல் பட்டப்பகலிற் பறித்தது; 1958 வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. 1957 இல் அவர் தொலைபேசி வழியாகவே இலண்டன் மக்களுக்குப் பாடினார். 1948 இல் சோவியத் கட்சியின் மத்திய குழு ஷொஸ்டகோவிச்சையும் புறக்கொஃபியெவையும் பகிரங்கமாகவே கண்டித்தது. அநீதி யார் கையாற் செய்யப்படினும் அநீதியே. 1959 இலும் 1960 இலும் நடந்த அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணைகளோ, இசைத்தட்டுக் கம்பெனிகள் வானொலி அறிவிப்பாளருக்குக் கைக்கூலி கொடுத்துப் பாட்டுக்களை ஒலிபரப்புவித்ததை வெளிக்கொணர்ந்தன. மக்களின் செவிக்கு எது எட்டவேண்டும் என்பதை இலாபம் தீர்மானிப்பதற்கு இரகசியம் தேவையில்லை. கலாசாரத்தைச் சரக்காக்கும் இத்தொழிலை வாழ்நாள் முழுவதும் கண்டித்தவர் அதே அடோர்ணோ. அவர் தலையிலேயே பீற்றில்ஸ் பாடல்களைச் சுமத்துவது வரலாற்றின் பெரும் பரிகாசம்.

பாட்டின் பின்னால் யார் நிற்கின்றார் என்று மாணவன் வினவும்பொழுது ஆசிரியர் அவனை அடக்கலாகாது. பணம் யாருடையது, அது சென்ற வழி எது, அதற்குச் சான்று என்ன என்று கேட்கும் பழக்கத்தை அவனிடம் வளர்க்கவேண்டும். சான்று கிடைத்தால் அஞ்சாது சொல்லவும், கிடைக்காதபோது தீர்ப்பை நிறுத்திவைக்கவும் அவன் கற்கவேண்டும். இரகசியப் புரவலன் மக்களை அறியவிடாது தடுக்கின்றான். சதிக்கதைஞனோ மக்களால் அறியவே இயலாது என்கின்றான். இவ்விருவரையும் எதிர்த்து நிற்பது மக்களின் அறிவில் நம்பிக்கை வைத்தவர்களின் கடமையாகும்.