அவள் பிழை செய்தவளா?

கணவன், மனைவி, நடுவில் இன்னொருவர் என்று ஒரு படம் ஓடி, கடைசியில் எதையும் சொல்லாமல் நின்றுவிட்டால் நமக்கு இருப்புக் கொள்வதில்லை. “அப்ப அவள் பிழை செய்தவளா, இல்லையா?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டாக வேண்டும். பதில் கிடைத்தால்தான் எழும்பிப் போக முடியும்.

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ அப்படியொரு படம். தாகூரின் கதை; படம் 1964இல் வந்தது. பத்திரிகையே கதி என்று கிடக்கும் பூபதி, பெரிய வீட்டில் தனித்திருக்கும் மனைவி சாரு, விருந்துக்கு வரும் தம்பி முறைக்காரன் அமல். ஒருமுறை அமலின் மார்பில் சாய்ந்து அழுகிறாள். அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. அவன் போனபின், கடிதம் வந்த நாளில் அவள் உடைந்து அழுவதைக் கணவன் கண்டுவிடுகிறான். வெளியே சுற்றி அலைந்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் கை நீட்டுகிறாள். அவனும் நீட்டுகிறான். விரல்கள் சேர்வதற்குச் சற்று முன் ராய் படத்தை உறைய வைத்துவிட்டார்.

அதே ஆண்டில் தமிழில் சிலப்பதிகாரக் கதையான ‘பூம்புகார்’ படம் வந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்பதில் ஐயமே இல்லை. இளங்கோவடிகளிடம் போனால்தான் ஐயம் தொடங்குகிறது. மாதவியை விட்டு வெறுங்கையோடு வீடு வந்த கோவலன், பொருளைத் தொலைத்த வெட்கத்தைச் சொல்கிறான். கண்ணகி புன்னகைக்கிறாள், என் சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்தச் சிரிப்பு மன்னிப்பா, குத்தலா, மாதவிக்குக் கொடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்த வேதனையா? அடிகள் சொல்லவில்லை.

தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் அக்கதையில் தவறியவர்களே. கடற்கரையில் யாழ் மீட்டிக் கோவலன் பாடியதை, வேறொருத்தியை நினைத்துப் பாடினான் என்று மாதவி கொண்டாள். பதிலுக்கு அவள் பாடியதை அவனும் அப்படியே கொண்டு எழுந்து போனான். அவள்மேல் குற்றமில்லை என்று அவனுக்கு விளங்கியது மதுரைக்குப் போகும் வழியில், அவள் ஓலையைப் படித்தபோதுதான். பாண்டியன் தவறியதும் ஒரு ஊடலுக்கு நடுவில். ஆடல் மகளிர்மேல் அரசனின் மனம் போயிற்றென்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைத் தேற்றப் போகிற வழியில் அரசனின் காலில் பொற்கொல்லன் வந்து விழுந்தான். அந்த அவசரத்தில் கோவலனின் உயிர் போயிற்று.

மட்டக்களப்பில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனால், அதே கண்ணகி கன்னன்குடாவில் கண்ணகை அம்மனாக இருக்கிறாள். மட்டக்களப்பின் கண்ணகை கோயில்கள் பலவும் ஆண்டு முழுதும் பூட்டியிருந்து வைகாசியில்தான் கதவு திறக்கும். அந்த நாட்களில் அவள் கதையான வழக்குரையைப் பாடுவார்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை வந்து குடியேறுகிற பகுதி இது. ஆகவே, போனவன் திரும்பி வந்து நிற்பது அவளுடைய வாசலில் என்பதை இந்தப் படுவான்கரைச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

இங்கே எனக்குப் பெரிதாகப் படுவது வழக்குக்குப் பின் நடப்பது. வழக்கில் அம்மன் வென்றுவிட்டாள், மதுரையும் எரிந்துவிட்டது. ஆனாலும் சடங்கு அதோடு முடிவதில்லை. அவளைக் குளிர்விக்க வேண்டும். குளிர்த்தி பாடி, வேப்பிலை தோய்த்த தண்ணீரைத் தெளிக்கிறார்கள். தீர்ப்புக் கிடைத்தால் சூடு தணிந்துவிடும் என்று இந்த மக்கள் நம்பவில்லை. அந்தப் புன்னகைக்குள் என்ன இருந்தது என்று கேட்பதுமில்லை. இருந்தது சூடு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

முடிக்கத் தெரியாமல் முடிவை விட்டுவிட்ட படங்களும் உண்டு. அவற்றுக்கு இந்தப் பொறுமை வீண். ஆனால் சாருவின் கை அந்தரத்தில் நிற்கும்போது, அவள் பிழை செய்தவளா என்று கேட்கிற மனம் யாருடையது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். பெரும்பாலும் அது நம் வீட்டு வாசலில் நிற்கிற மனம்தான். அடுத்தவரின் திருமணத்தில் தீர்ப்பெழுதித் தன் பயத்தை ஆற்றிக்கொள்ளப் பார்க்கிறது. அதை அதட்ட வேண்டாம். சற்று நேரம் பதில் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தானே தணியும்.

வைகாசியில் அந்தப் பக்கம் போக வாய்த்தால், வழக்குரை முடிந்ததும் எழும்பி வந்துவிடாதீர்கள். குளிர்த்தி வரைக்கும் இருங்கள்.