கொண்டுபோய் விடுவது

தமிழில் சில வினைச்சொற்கள் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பையனை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுகிறோம். ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விடுகிறோம். ஊருக்குப் போகும்போது நாய்க்குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். வயசான அம்மாவுக்கும் அதே சொல்தான். ''அவங்கம்மாவைக் கோயமுத்தூர்ல ஏதோ சீனியர் சிட்டிசன் ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டாங்களாம்'' என்று கல்யாணப் பந்தியில் யாராவது சொன்னால், அடுத்த இலைக்காரர் உடனே 'ச்சு' கொட்டுவார். அந்த அம்மா தானே நாலு இடம் போய்ப் பார்த்து, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்து, சொந்தப் பணத்தில் அங்கே குடிபோயிருக்கலாம். அதற்கெல்லாம் அந்த வாக்கியத்தில் இடமில்லை. பிள்ளைகள் எழுவாய். அம்மா செயப்படுபொருள்.

இந்தக் குடியிருப்புகளைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் இரண்டு ரகம். நாற்பது, ஐம்பது வயதுப் பிள்ளைகள் 'இது பாவமா ஸார்?' என்கிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் 'சாப்பாடு எப்படி?' என்கிறார்கள். இரண்டாவது கேள்வியில் புத்திசாலித்தனம் அதிகம். ஆனால் இரண்டு பேருமே கேட்காத ஒன்று இருக்கிறது. அதை முடிவு செய்யப் போவது யார், எப்போது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நான் சொல்வது, வரிசையாகக் கட்டில் போட்டு, யாராவது பிறந்த நாளுக்குச் சாப்பாடு போடுகிற முதியோர் இல்லம் இல்லை. கோவையைச் சுற்றி, மலை தெரிகிற ஓரங்களில் கடந்த இருபது வருஷங்களில் முளைத்திருக்கும் காம்பவுண்டுகள். தனித்தனி வீடு, பொதுச் சமையலறை, சாப்பாட்டுக் கூடம், நடைபாதை, ஒரு கோயில், இரவிலும் ஒரு நர்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் அவசர மணி. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை. வாசலில் படி கிடையாது. இதெல்லாம் சொகுசு என்று நினைக்காதீர்கள். விபத்துச் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்தபடியாக உலகம் முழுக்க அதிகம் பேர் சாவது தடுக்கியும் வழுக்கியும் விழுந்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதிலும் அறுபதைத் தாண்டியவர்கள்தான் அதிகம். நம் ஊர் வீடுகளையோ, முப்பது வயதுக்காரன் எப்போதும் முப்பதிலேயே இருப்பான் என்ற நம்பிக்கையில் கட்டியிருக்கிறார்கள்.

தேவை இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது 18 ஆகும் என்பது அரசாங்கத்தின் சொந்தக் கணிப்பு. கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்கு. வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று பெற்றோம். நன்றாகப் படிக்க வைத்தோம். படிப்பு வேலைக்கு இழுத்தது, வேலை ஊரைவிட்டு இழுத்தது. இதில் யார் வில்லன்? பையனுக்கு அமெரிக்க விசா கிடைத்தபோது தெரு முழுக்க லட்டு கொடுத்தவர்கள் நாம்தான்.

என் நண்பர் ஒருவர், கும்பகோணத்துக்காரர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் மனைவியோடு இப்படி ஓர் இடத்தில் வீடு எடுத்துத் தங்கினார். வாங்கவில்லை, மூன்று மாச வாடகை. நான் போய்ப் பார்த்தேன். வீடு சுத்தமாக இருந்தது. நண்பர் கொஞ்சம் வாடியிருந்தார். அந்த அம்மா முகத்தில் பத்து வயசு குறைந்திருந்தது.

''அண்ணே, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து 'இன்னிக்கு என்ன டிபன்?'னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லியே வந்திருக்கேன். இப்பதான் நான் அந்தக் கேள்வியைக் கேக்கறேன்'' என்றார்.

இந்த ஒரு வரிக்காக நான் அந்தக் குடியிருப்புகளுக்கு நிறைய மார்க் போடுவேன். நம் வீடுகளில் ஆண்களுக்கு 58-லோ 60-லோ ஓய்வு. பெண்களுக்கு? கூட்டுக் குடும்பம் போச்சே என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர், அந்தக் கூட்டுக் குடும்பத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட கட்சி. அடுப்படியில் நின்ற கட்சி அவ்வளவாகப் புலம்புவதில்லை.

நண்பர் ஏன் வாடினார் என்றால், ஒன்று, மீன். அந்த வளாகத்தில் சைவம் மட்டும்தான். பல இடங்களில் அப்படித்தான், விளம்பரத்தில் பெருமையாகவே போடுகிறார்கள். எழுபது வருஷம் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த மனிதர், பணம் கட்டி, ஒளித்துக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது. இது வெறும் நாக்கு சமாசாரம் இல்லை. யாரை அடுத்த வீட்டுக்காரராக நினைத்து அந்த இடத்தைக் கட்டினார்கள் என்பதையும் மெனு கார்டு சொல்லிவிடுகிறது. இரண்டாவது காரணம் டீக்கடை. கும்பகோணத்தில் அவர் தெருமுனையில் தினம் காலையில் பேப்பரை வைத்துக்கொண்டு ஆட்டோ டிரைவரோடு சண்டை போடுவார். தெருவில் யாருக்கு வங்கிக் கடன், பென்ஷன் படிவம் என்றாலும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். இங்கே எல்லாருக்கும் படிவம் நிரப்பத் தெரியும். எல்லாரும் ஓய்வு பெற்ற அதிகாரிகள். அவர் யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்தத் 'தேவைப்படாமல் போவது'தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1976-ல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு முதியோர் காப்பகத்தில் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம் 'உங்கள் அறையை நீங்களே ஒழுங்கு பண்ணிக்கொள்ளுங்கள், சினிமா என்றைக்குப் பார்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள், இந்தச் செடியை நீங்களே தண்ணீர் ஊற்றி வளருங்கள்' என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீரை நர்ஸ் ஊற்றுவார், உங்களுக்கு வேண்டியதை எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாக, சந்தோஷமாக இருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்த மாடியில் இறந்தவர்களும் குறைவு. நூறு பேருக்கும் குறைவானவர்களை வைத்துச் செய்த ஆய்வு. இறப்புக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வி, நம் வீடுகளுக்கும் அப்படியே பொருந்தும். ''நீ ஒண்ணும் பண்ணாதேம்மா, உக்காரு, நாங்க பாத்துக்கறோம்'' என்று அன்பாகச் சொல்கிற வீடுகளைச் சொல்கிறேன். அந்த வீடுகளில் அம்மா இரண்டாவது மாடிதான்.

வயசானவர்களை மட்டும் தனியாக ஓர் ஊராகக் குடிவைப்பது அமெரிக்கா பிரபலப்படுத்திய யோசனை. அரிஸோனா பாலைவனத்தில் டெல் வெப் என்கிற கட்டட முதலாளி 1960 ஜனவரி 1-ம் தேதி திறந்த 'சன் சிட்டி'தான் இதில் பேர் பெற்றது. கோல்ஃப் மைதானம், நீச்சல்குளம் எல்லாம் உண்டு. பள்ளிக்கூடம் கிடையாது. குழந்தைகள் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், குடியிருக்க முடியாது. அமைதிதான். சாயங்காலம் பந்து விழுந்து ஜன்னல் உடையாது. ஆனால், ஜன்னல் உடைந்ததற்குத் திட்ட ஒரு பயல் இல்லாத தெருவில் வருஷக்கணக்கில் இருப்பது எப்படி என்று தெரியவில்லை. அங்கே ஆம்புலன்ஸ் வந்து போகும் ஒவ்வொரு முறையும், போனது யார் என்பதோடு அடுத்தது யார் என்றும் மனசு கணக்குப் போடும். கோவையிலும் ஒரு பெரியவர் என்னிடம் இதைத்தான் சொன்னார்: ''டைனிங் ஹால்ல ஒரு நாற்காலி காலியானா நாங்க காரணம் கேக்கறதில்லீங்க.''

நெதர்லாந்தில் டெவென்டர் என்ற ஊரில் ஹுமானிடாஸ் என்ற முதியோர் இல்லம் வேறு வழி பார்த்தது. கல்லூரி மாணவர்கள் சிலருக்கு வாடகை இல்லாமல் அறை. பதிலுக்கு மாசம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லாத கோவையில் இதை யாராவது செய்து பார்க்கலாம். காம்பவுண்டுக்கு வெளியே ஹாஸ்டல் கிடைக்காமல் பையன்கள் அலைகிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சில இடங்களில் வீட்டை விலைக்கு வாங்குகிறீர்கள், சிலவற்றில் திரும்பத் தரும் டெபாசிட், சிலவற்றில் வாடகை. எதுவானாலும் பராமரிப்புக் கட்டணம் என்று மாசாமாசம் உண்டு. அது வருஷா வருஷம் ஏறும். உங்கள் ஃபிக்சட் டெபாசிட் வட்டி ஏறாது. வாங்கின வீட்டுக்கு உங்கள் பையன் வாரிசாகலாம். ஆனால் 50 அல்லது 55 ஆகாமல் அவன் அதில் குடியிருக்க முடியாதபடி விதி வைத்திருப்பார்கள். விற்பதும் அதே வயசுக்காரர்களுக்குத்தான். எல்லாவற்றையும் விட முக்கியமான பக்கம், 'மறதி நோய் வந்தால், படுக்கையில் விழுந்தால் என்ன செய்வீர்கள்?' என்பதற்குப் பதில் இருக்கிற பக்கம். சில ஒப்பந்தங்களில் அந்தப் பக்கமே இருக்காது. சிலவற்றில் 'சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ளவும்' என்றிருக்கும். நடக்க முடிகிறவரை நல்ல இடமாக இருப்பது பெரிய காரியமில்லை.

அப்படி வைத்துக்கொள்கிற ஆள் யார்? பெரும்பாலும் ஒரு பெண். பக்கத்துக் கிராமத்தில் இருந்து வருவாள், அல்லது ஒடிசாவில் இருந்து ஏஜென்ஸி மூலமாக. அவளுக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள். அந்த அம்மாவை யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பாவக் கணக்கு பிள்ளைகளோடு நிற்காது, கொஞ்சம் நம் பக்கமும் வரும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலனுக்காக 2007-ல் வந்த சட்டத்தின் 19-வது பிரிவு, ஏழை முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேராவது தங்குகிற இல்லம் மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது. 'வேண்டும்' இல்லை, 'லாம்'. அந்தப் பெண்ணின் அம்மா அந்த 'லாமில்' இருக்கிறாள்.

சரி, எப்போது போவது? இங்கேதான் சிக்கல். நன்றாக நடமாடும்போது போனால், தெருவையும் டீக்கடையையும் பேரன் பேத்திகளின் சத்தத்தையும் நல்ல வருஷங்களிலேயே விட்டுக்கொடுக்கிறோம். 'இப்ப என்ன அவசரம், முடியாம போகும்போது பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், முடியாமல் போகிற அன்றைக்கு நாம் முடிவு செய்யும் நிலையில் இருக்க மாட்டோம். அப்பா பாத்ரூமில் விழுவார். மூன்று பிள்ளைகள் மூன்று நாட்டில் இருந்து வாட்ஸ்அப்பில் பேசுவார்கள். பத்து நாள் லீவில் ஒருவன் வருவான். திரும்பும் டிக்கெட் தேதிக்குள் இடம் பார்த்து, கையெழுத்துப் போட்டு, கொண்டுபோய் விடுவான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு வேறு எதற்கும் நாங்கள் நேரம் கொடுக்கவில்லை. 'நாங்கள்' என்றால், எழுபது வயசு வரை இதைப் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்று வாயை மூடிக்கொண்டிருந்த என் வயசுக்காரர்கள். மகன்களைவிட எனக்கு இவர்கள் மேல்தான் கோபம் வருகிறது.

முதியவர்கள் பிள்ளைகளோடுதான் இருந்து முடிக்க வேண்டும், அதுதான் நம் பண்பாடு என்பவர்களுக்குப் புறநானூற்றை ஞாபகப்படுத்தலாம். உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனுக்குப் பிள்ளைகளோடு போர் மூளும் அளவுக்குப் பகை. கடைசியில் நாட்டை விட்டுவிட்டு, வடக்கிருந்து உயிர்விட்டான். பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் காலியாக வைக்கச் சொன்னான். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாருக்கு. அதுவரை நேரில் பார்த்தே இராத நண்பர். அவரும் வந்து உட்கார்ந்தார். இதே பிசிராந்தையார்தான், இத்தனை வயசாகியும் நரை இல்லையே என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொன்னவர். மனைவி மக்கள், ஏவலர், அரசன், கடைசியாகத் தன் ஊரில் இருக்கிற சான்றோர் என்று அவர் பட்டியல் போகிறது. குடும்பத்தோடு அது நின்றுவிடவில்லை. ஊரில் வந்து முடிகிறது. இந்த வளாகங்கள் மற்றதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிடலாம். ஊரைக் கட்டுவது காண்ட்ராக்டர் வேலை இல்லை.

என் யோசனையைக் கேட்டால்: அறுபதில் பேசுங்கள். புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் பதில் ஒன்றாக இருக்காது. தெருவில் உங்களைத் தேடி வர இன்னும் நாலு பேர் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஒருவர் மற்றவரைத் தூக்கி உட்கார வைக்கிற நிலை வந்துவிட்டால் தயங்காதீர்கள். ஊர் 'ச்சு' கொட்டட்டும். அந்த 'ச்சு' ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து பெட்பேன் வைக்காது. வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு இருந்து பாருங்கள். மழைக்காலத்திலும் சேர்த்து.

கும்பகோணம் நண்பர் அதைத்தான் செய்தார். மூன்று மாசம் முடிந்தது. அவர் போன வாரம் ஊருக்குத் திரும்பி, திண்ணையைக் கழுவிவிட்டு, யாருக்கோ பென்ஷன் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா இன்னும் ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கோவையிலேயே இருக்கிறார். தினம் சாயங்காலம் போனில் பேசிக்கொள்கிறார்கள். முதல் கேள்வி, அவர் என்ன சமைத்தார் என்பதுதானாம்.